முகில்சிறை நான்காம் பாகம்

தொடர்கதை படிக்கும்போது கடைசி அத்தியாயத்தை முதலில் எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. என் அம்மா அப்படித்தான் படிப்பார். முடிவு தெரிந்துவிட்டால் நிம்மதியாகப் படிக்கலாமாம். எனக்கு அது படித்ததாகவே தோன்றாது.

அதனால் காலையிலிருந்து இந்த ஸ்டேஷனில் நீங்கள் கேட்கும் கேள்விக்கான பதிலும் அதன் இடத்தில்தான் வரும், மேடம். மறைக்கும் எண்ணம் இல்லை. முதலிலேயே சொல்லிவிட்டால் நீங்கள் ஜீப்பில் ஏறிப் போய்விடுவீர்கள். மற்றதை யாரும் கேட்க மாட்டார்கள்.

“அம்மணி, மத்ததெல்லாம் அப்புறம் கேட்டுக்கறேன். அந்தப் புள்ள எங்க இருக்குதுன்னு மட்டும் சொல்லிப்போடு” என்றீர்கள். மரியாதையாகத்தான் கேட்டீர்கள். நானும் மரியாதையாக, வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் கிருபா. வீடு துடியலூர். உயிர்வேதியியல் படித்தேன். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு லேபில் வேலை. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவேன். ஊசியைப் பார்க்கப் பயந்து எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மறுபடி திரும்பும்போது நான் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பேன். மாதாமாதம் போகிற வீட்டில்கூட “லேப்ல இருந்து வந்திருக்கறாங்க” என்றுதான் உள்ளே குரல் கொடுப்பார்கள். எனக்கு அதில் குறை இல்லை. பேச வராதவர்களுக்கு ஏற்ற வேலை.

பூஜிதா என்னோடு படித்தவள். ஆய்வகத்தில் எங்களுக்கு ஒரே மேசை. அவள் அப்பா வேங்கடசாமிக்குச் சொந்தமாக மில் இருக்கிறது. அவளாக வந்து பேசியிராவிட்டால் நான் யாரோடும் பேசாமலே பட்டம் வாங்கியிருப்பேன். ஒருநாள் குடுவையில் நிறம் மாறக் காத்திருந்தபோது, தான் எழுதிய இரண்டு பக்கத்தை என் பக்கம் தள்ளினாள். “நல்லா இல்லைன்னு சொன்னீன்னா இந்தப் பிப்பெட்ட ஒடச்சுப்போட்டு உம்மேல பழியப் போட்டுருவேன்” என்றாள்.

அதுதான் ‘முகில்சிறை’யின் தொடக்கம்.

நீங்கள் அதைப் படித்திருக்க மாட்டீர்கள். மலை உச்சியில் மேகத்துக்குள் ஒரு கோட்டை. அதன் தலைவன் எழினன், முந்நூறு ஆண்டுகளாகச் சாகாமல் இருப்பவன். மருந்துக்கொடி தேடி மலையேறிய தும்பை என்ற பெண்ணை அவன் கோட்டைக்குள் வைத்துக்கொள்கிறான். தொடுவதில்லை. பேசுவதும் குறைவு. அவள் சாளரத்துக்கு வெளியே நிற்பான். அவள் என்ன சாப்பிட்டாள், எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்கினாள், எல்லாம் அவனுக்குத் தெரியும். என்னைப் போக விடு என்று அவள் கேட்டால், கீழே உனக்கு யார் இருக்கிறார்கள் என்பான். மூன்றாம் பாகத்தின் கடைசிக் காட்சியில் தும்பை சாளரத்துக்கு வெளியே கையை நீட்டுகிறாள். அவன் பிடித்துக்கொள்கிறான்.

இணையத்தில் ஒரு கதைத் தளத்தில் வாரம் ஒரு அத்தியாயம் வரும். வாசகிகள் அதை யூடி என்பார்கள். ஒவ்வொரு யூடிக்கும் கீழே சண்டைதான். “சிஸ், எழினனை எங்க ஊட்டுக்கு அனுப்பி வைங்க, நான் மூணு வேளை சோறு போட்டு வெச்சுக்கறேன்” என்று ஒருத்தி எழுதுவாள். “மொதல்ல அவன் மேல ஒரு எஃப்.ஐ.ஆர். போடுங்க சிஸ்” என்று இன்னொருத்தி. இது காதலா, கடத்தலா என்று நாள்கணக்கில் வாதாடுவார்கள். நான் எதுவும் எழுத மாட்டேன். எல்லாவற்றையும் படிப்பேன்.

எனக்கு எழினனைப் பிடிக்கும். காரணம் கேட்டால் ஒன்றுதான் சொல்ல முடியும். ஒருத்தி சாப்பிட்டாளா இல்லையா என்று அவனுக்குத் தெரிகிறது.

எழினன் எங்கிருந்து வந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பூஜிதாவுக்கு ஒரு அத்தை மகன் இருக்கிறான். தேஜா. அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு, அதனால் அவனை அவள் பாவா என்று கூப்பிட்டுப் பழகியவள். முறைப் பையன். அவள் கல்லூரிப் பேருந்துக்குப் பின்னாலேயே வண்டியில் வருவான். கைபேசி எண்ணை மாற்றினால் புது எண்ணிலும் அவன்தான் முதலில் கூப்பிடுவான். வீட்டுக்கு எதிரே நின்று அவள் அறையையே பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டில் அழுதுகொண்டு சொல்லியிருக்கிறாள். “கட்டிக்கப் போறவன் பார்த்தா என்ன கண்ணு? ஊரான் ஒருத்தன் வந்து நிக்கறதுக்கு இது தேவலையே” என்று சிரித்திருக்கிறார்கள். வேறு யாராவது நின்றிருந்தால் அன்றைக்கே அடித்து விரட்டியிருப்பார்கள். முறை இருந்ததால் அதற்கு வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அவன் கண்ணில் படாமல் இருக்க, பூஜிதா பெங்களூரில் வேலை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, மேட்டுப்பாளையத்தில் பங்காரம்மாவின் வீட்டு மாடியில் குடிவந்தாள். புகார் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள்தான். பூஜிதா கைபேசி வைத்துக்கொள்ளவில்லை. இணையமும் இல்லை. அப்பாவிடம் பேசுவதென்றால் நான் போகும்போது என் கைபேசியில், எண் தெரியாத இணைய அழைப்பில் பேசுவாள். அவள் இருக்கும் இடம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆகவே வேலை இப்படி நடந்தது. அவள் தாளில் கையால் எழுதுவாள். நான் ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் போய் வாங்கி வந்து, தட்டச்சு செய்து, தளத்தில் போடுவேன். வாசகிகள் எழுதியதை அடுத்த வாரம் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். எல்லாவற்றையும் வாசிக்க நேரம் இருக்காது. தேர்ந்தெடுப்பேன். எஃப்.ஐ.ஆர். போடச் சொல்கிறவர்களை விட்டுவிடுவேன். சில வாரங்களில் நல்லது குறைவாக இருக்கும். அப்போது நானே இரண்டு மூன்று எழுதிச் சேர்த்துக்கொள்வேன். கெட்டுப்போகாமல் இருக்க ரத்த மாதிரியில் ஒரு சொட்டு மருந்து சேர்ப்பதில்லையா, அது போல.

என் தவறு ஒன்று உண்டு. அதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு கல்லூரிப் பெண் எழுதியதை அவளுக்கு வாசித்துவிட்டேன். “அக்கா, எங்க ஹாஸ்டலுக்கு எதிர்ல ஒருத்தன் தினமும் வந்து நிப்பான். பயந்துட்டே இருந்தேன். உங்க கதைய படிச்ச பிறகுதான் அவன் மனசுல என்ன இருக்கும்னு யோசிச்சேன். நேத்து நானே போய்ப் பேசிட்டேன்க்கா.”

எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது. எல்லாவற்றிலும் நல்லது என்று கடைசிக்கு எடுத்து வைத்திருந்தேன்.

பூஜிதா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். “மறுக்கா படி” என்றாள். படித்தேன்.

“அந்தப் புள்ள பேரென்ன? எந்த ஊரு?”

“பேரு போடல.”

“எப்படிடி அவளக் கண்டுபிடிக்கறது?”

“எதுக்குக் கண்டுபிடிக்கணும்?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்றுவரை அப்படிப் பார்த்ததில்லை.

“பயத்த அழகாக்கிட்டா தாங்கிக்கலாம்னு எழுதினேன், கிருபா. அது எனக்கு நானே போட்டுக்கிட்ட மருந்து. அத ஊருக்கெல்லாம் குடுத்துட்டு இருக்கறேன். இப்ப ஒருத்தி நேரா அவங்கிட்டயே போய் நின்னுட்டா.”

“வெறும் கதைதானே, பூஜி.”

“வெறும் கதைன்னா நீ ஏன்டி மூணு பாகத்தையும் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கற?”

நான் காப்பி டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தேன். எனக்கு உடனே பேச வராது.

அடுத்த வாரம் போனபோது அவள் கொடுத்தது ஒரே ஒரு தாள். நான்காம் பாகம் வராது, எழினன் செய்தது காதல் இல்லை, அதைக் காதல் மாதிரி எழுதியது என் பிழை, உங்களில் யாருக்காவது இப்படி நடந்தால் வீட்டில் சொல்லுங்கள், வீட்டில் கேட்காவிட்டால் காவல் நிலையத்துக்குப் போங்கள் என்று எழுதியிருந்தாள். சின்னத் தாள்தான். பேருந்தில் வரும்போது திரும்பத் திரும்பப் படித்தேன். நடை சரியாக இருந்தது. பிழை ஒன்றும் இல்லை.

அதை நான் தளத்தில் போடவில்லை. ‘ஆசிரியருக்கு உடல்நலமில்லை, நான்காம் பாகம் விரைவில்’ என்று போட்டேன். ஒரு ரத்த மாதிரி கெட்டுப்போனதற்காக மொத்தத்தையும் யாரும் கொட்டிவிடுவதில்லை. நாற்பதாயிரம் பேர் காத்திருந்தார்கள். ஒருத்தி எங்கோ ஹாஸ்டல் வாசலில் போய்ப் பேசியதற்காக அத்தனை பேரையும் தும்பை கை நீட்டிய நிலையில் விட்டுவிட்டுப் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. நானும் அந்த நாற்பதாயிரத்தில் ஒருத்திதான். கூடுதலாக எதுவும் கேட்கவில்லை.

நீங்கள் எழுந்து நடக்கிறீர்கள். உட்காருங்கள், மேடம். பாதிக்கு மேல் வந்துவிட்டோம்.

நான் யோசித்தது இதுதான். முதல் பாகத்தில் எழினன் வரும் பக்கங்களில் எனக்கு முதுகு சிலிர்த்தது. மூன்றாம் பாகத்தில் அவன் வெளுத்துப் போயிருந்தான். மலை வருணனை கூடியிருந்தது. எழுதுகிறவள் அதே ஆள், அதே பேனா, அதே தாள். மாறியது ஒன்றே ஒன்று. மேட்டுப்பாளையம் வந்த பிறகு அவள் நன்றாகத் தூங்கினாள். கன்னத்தில்கூடச் சதை போட்டிருந்தது. காரணம் தெரிந்துவிட்டால் சரிசெய்வது கஷ்டமில்லை.

தேஜாவின் அம்மா ரங்கநாயகிக்குச் சர்க்கரை. எங்கள் லேபில்தான் பார்க்கிறார்கள். அந்தத் தெரு என் பாதையில் இல்லை. உடன் வேலை செய்யும் அருள்குமாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவருக்குச் சந்தோஷம். அந்த அம்மா ஊசிக்குக் கையே கொடுக்காது என்று புலம்புகிறவர்.

“வா கண்ணு. போன தடவ வந்தவன் கிணறு வெட்டற மாதிரி குத்திப்போட்டான்” என்றார் ரங்கநாயகி. கையில் ரப்பர் பட்டையைக் கட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். “எம் மருமக ஒருத்தி இருக்கறா. அண்ணன் மக. பெங்களூருங்கறாங்க, வேலைங்கறாங்க. கட்டிக்கப் போறவனுக்கு ஒரு போனில்லை. இந்தப் பையன் சோறு திங்காம எளைச்சுட்டான் பாரு.”

பையன் கதவருகே நின்றிருந்தான். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் படித்துக்கொண்டிருந்தான். ரத்தக் குப்பியைப் பெட்டியில் வைத்து வெளியே வந்தபோது கூடவே வாசல்வரை வந்தான்.

“ஏனுங்க, ‘முதல் வாசகி கிருபாவுக்கு’ன்னு ஒவ்வொரு பாகத்துலயும் போட்டிருக்குது. அது நீங்கதானுங்களா?”

நான் தலையசைத்தேன்.

“எல்லாம் படிச்சுட்டேனுங்க. எழினன் நாந்தானுங்களே. இவ்வளவு ஆசையா எழுதிப்போட்டு, அப்புறம் எதுக்குங்க ஓடி ஒளிஞ்சுக்கறா? அந்தக் கைய நீட்டினது எனக்குத்தானுங்க?”

அவன் கண் கலங்கியிருந்தது. வாசகிகள் எத்தனையோ பேர் எழினனைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். யாரும் அவனை இவ்வளவு ஊன்றிப் படித்ததில்லை. கெட்டவன் என்று எனக்குத் தோன்றவில்லை. அவனும் நான்காம் பாகத்துக்காகத்தான் காத்திருந்தான்.

முகவரியைச் சும்மா கொடுக்கவில்லை. நிபந்தனை வைத்தேன். எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். பேசக் கூடாது. மாடி ஏறக் கூடாது. அவள் பார்த்த பிறகு போய்விட வேண்டும். “சரிங்க, நீங்க சொல்றபடியே செய்யறேனுங்க” என்றான். சொன்னபடியே செய்தான். அவன் மீது எனக்கு இன்றுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிறு நான் போனபோது சன்னல் பூட்டியிருந்தது. திரைக்கு மேல் ஒரு போர்வையும் கட்டியிருந்தாள். கதவைத் திறக்குமுன் என் பெயரை மூன்று தடவை சொல்ல வைத்தாள்.

“வந்துட்டான்டி” என்றாள். “அந்தக் காய்கறி மண்டிக்கு முன்னால நிக்கறான். கையாட்டறதில்ல, கூப்பிடறதில்ல. எப்படித் தெரிஞ்சுது அவனுக்கு? உன்னை யாராச்சும் தொடர்ந்து வந்தாங்களா?”

“இல்லையே.”

“என்னால தூங்க முடியல, கிருபா. அவன் கையில மாட்டினா நான் உசுரோட இருக்க மாட்டேன். சும்மா சொல்லல.”

அவளை அணைத்துக்கொண்டேன். கைகளைப் பிடித்துச் சூடாக்கி, மனத்தில் இருப்பதை எழுதி வைத்தால் பாரம் குறையும் என்றேன். அவள் எப்போதும் என் பேச்சைக் கேட்பவள். அந்த வாரம் எழுதினாள். யாருக்கும் காட்டாதே என்று சொல்லித்தான் கொடுத்தாள். தும்பை சாளரத்தை உள்ளிருந்து பூட்டிக்கொள்கிறாள், மேகம் பூட்டின் துளை வழியாக உள்ளே வருகிறது. இதுவரை அவள் எழுதியதில் அதுதான் சிறந்தது. பேருந்தில் படித்துக்கொண்டே வந்து துடியலூரில் இறங்க மறந்து கவுண்டம்பாளையம்வரை போய்விட்டேன். தளத்தில் போட்டேன். உயிரோடு இருக்க மாட்டேன் என்று அவள் சொன்னதை மட்டும் தும்பையின் வசனமாக நான் சேர்த்தேன். அந்த வரியைத்தான் அதிகம் பேர் எடுத்துப் பகிர்ந்தார்கள்.

என் கணிப்பு சரியாக இருந்தது. அதில் எனக்கு இருந்த திருப்தியை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் இரண்டு அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டாள். வேறு ஊருக்குப் போக வேண்டும் என்றாள். போலீசுக்கும் போகப் போகிறேன், அப்பாவிடமும் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றாள். அவள் முகத்தில் பயம் குறைந்து வேறு ஏதோ வந்திருந்தது. அந்த முகத்தோடு எழுதினால் தும்பை சாளரத்தை உடைத்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவாள். கதை அங்கே முடிந்துவிடும்.

“குன்னூர்ல ஒரு லேடீஸ் ஹாஸ்டல் பார்த்து வெச்சிருக்கறேன்” என்றேன். “போலீசுக்கு அங்கிருந்து போலாம். ஞாயித்துக்கிழமை நானே கார் எடுத்துட்டு வாரேன்.”

“நீ இல்லைன்னா நான் என்னடி பண்ணியிருப்பேன்” என்றாள்.

காரை ஓட்டியது திருமலைசாமி. தேஜா வீட்டுத் தோப்பில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். அவரைப் பூஜிதா பார்த்ததில்லை. கோபித்துக்கொண்டு வந்த மருமகளைச் சமாதானமாகக் கூட்டிப் போகிறோம் என்று அவரிடம் சொல்லியிருந்தது. அவரைக் குறை சொல்லாதீர்கள். நான் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். நான் இருப்பதைப் பார்த்துத்தான் அவள் பின்னால் ஏறினாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, நெடுநாளைக்குப் பிறகு சிரித்தாள். குன்னூர் போனதும் சூடாக ஒரு டீ குடிக்க வேண்டும் என்றாள்.

பாக்குத் தோப்புகள் தொடங்கும் இடத்தில், வாந்தி வருகிறது என்று சொல்லி நான் இறங்கிக்கொண்டேன். கதவு பூட்டிக்கொண்டது. கார் மண் பாதையில் திரும்பியது. அவள் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தாள். கத்தினாளா என்று தெரியவில்லை, கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்திருந்தாள். அவளே எழுதிய காட்சி அது. எழுதியதைவிட நன்றாக இருந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஊட்டி சாலையில், மலை ஏறத் தொடங்குவதற்கு முன் இடப்பக்கம் ஒரு மண் பாதை பிரியும். இரண்டு பக்கமும் பாக்கு மரங்கள். பாதை முடிகிற இடத்தில் ஓட்டு வீடு, பச்சைக் கதவு. பின்பக்க அறையில் ஒரு சன்னல் இருக்கிறது. எதிரே மலை. மேகம் அந்தச் சன்னல்வரை இறங்கும் என்று தேஜா சொன்னதால்தான் அந்த அறையைத் தேர்ந்தெடுத்தோம். மேசை, நாற்காலி, அவளுக்குப் பிடித்த நீலமைப் பேனா, ஒரு கட்டு வெள்ளைத் தாள், எல்லாம் முன்பே கொண்டுபோய் வைத்துவிட்டேன். அவள் எழுத வசதியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை. காரில் ஏற்றும்போதுகூட நான் அவளைத் தொடவில்லை.

ஜீப்பைக் கிளப்பச் சொல்கிறீர்கள். சரி. இன்னும் ஒன்றே ஒன்று.

நேற்று மதியம் தேஜா கூப்பிட்டான். குரல் சரியில்லை. “போன உடனே அவ உள்தாழ் போட்டுக்கிட்டாளுங்க. வெச்ச சோறு வெச்ச மாதிரியே இருக்குது. முந்தாநேத்து முழுக்க அழுதுட்டே இருந்தா. இப்ப சத்தமே இல்லைங்க. கூப்பிட்டாப் பதிலும் இல்லை. கதவ ஒடச்சுப் பார்க்கட்டுங்களா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவளை எனக்கு அவனைவிட நன்றாகத் தெரியும்.

நீங்களும் கதவை உடைப்பதற்கு முன் ஒரு நிமிடம் வெளியே நின்று கேளுங்கள், மேடம். உள்ளே சத்தம் எதுவும் இல்லையென்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.